நிலவின் பள்ளங்களைப் பௌர்ணமியில் தேடாதீர்கள்

முத்தியால்பேட்டை மாணவி: பௌர்ணமியன்று 70 மி.மீ. தொலைநோக்கியில் பார்த்தேன். கண் கூசியதுதான் மிச்சம். பள்ளமே தெரியவில்லையே, ஐயா?

பௌர்ணமியில் சூரியன் நம் முதுகுப் பக்கமிருந்து நிலவின்மேல் நேராக அடிக்கிறது. நிழல் விழாது, நிழல் இல்லாமல் பள்ளம் ஏது? வளர்பிறையில் இருளும் ஒளியும் சந்திக்கும் கோட்டை ஒட்டிப் பாரம்மா. அங்கே அப்போதுதான் பொழுது விடிகிறது. நாள்காட்டியில் திதி பார்த்துக்கொள்: சஷ்டியில் தியோபிலஸ், நவமியில் டைக்கோ, கிளேவியஸ், தசமியில் கோப்பர்நிக்கஸ் என்ற பள்ளங்கள் தெரியும். ஒரு நாள் முன்பின் ஆகலாம்.

எனக்கு உயிர் கோப்பர்நிக்கஸ்தான். குறுக்களவு 93 கி.மீ.; புதுச்சேரிக்கும் மயிலாடுதுறைக்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ அவ்வளவு தூரம். விடியலில் அதன் தரை மை கொட்டியதுபோல் கறுத்திருக்கும். மேற்கு உள்சுவர் மட்டும் கோயில் குளத்துப் படிக்கட்டுபோல அடுக்கடுக்காக மின்னும். பிறகு நடுக்குன்றுகளின் நுனிகள் இருளுக்குள் ஒளிப்புள்ளிகளாக முளைக்கும். ஒரு மணி நேரம் பொறுத்திருந்தால் நிழல் சுருங்கியிருப்பது உனக்கே தெரியும்.

மஞ்சக்குப்பம் வாசகர்: பெட்டியில் 500 மடங்கு என்று போட்டிருந்தார்கள். எனக்கு எல்லாம் மங்கலாகவே தெரிகிறது.

பெட்டியை நம்பாதீர்கள். முன்லென்ஸின் விட்டம் எத்தனை மி.மீ.யோ அதைப்போல் இரண்டு பங்குதான் உச்சவரம்பு, 70-க்கு 140. முன்லென்ஸிலிருந்து பிம்பம் குவியும் இடம் வரையுள்ள குவியத் தூரம் 700 மி.மீ. என்றால், அதை 25-ஆல் வகுங்கள்: 25 மி.மீ. கண்ணருகு லென்ஸ் 28 மடங்கு தரும். நிலவு முழுதும் அடங்கும். 10 மி.மீ. போட்டால் 70 மடங்கு. என் இரவுகளில் பாதி அந்த 70-இல்தான் கழிகின்றன.

தேவனாம்பட்டினம் இளைஞர்: கடலிலிருந்து எழும் நிலவு, தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் நெளிகிறது. கருவியில் பழுதா?

இல்லை, தம்பி. அடிவானத்திலிருந்து வரும் நிலவொளி, அதிகக் காற்றைக் கடந்து வருவதால்தான் இந்த நெளிவு. வளர்பிறை அரைநிலவு மாலையிலேயே தலைக்கு மேல் நிற்கும், அதைப் பாருங்கள். மொட்டைமாடித் தளம் பகலில் குடித்த வெயிலை இரவில் கக்கும். அந்தச் சூடும் காட்சியைக் கலைக்கும். நான் கிணற்றடி மண்தரையில்தான் கருவியை வைக்கிறேன், அதுவும் கருவியின் சூடு ஆற அரை மணி நேரம் முன்னதாக.

லாசுப்பேட்டை ஆசிரியை: சந்திரயான்-3 இறங்கிய இடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட முடியுமா?

விக்ரம் கலத்தைக் காட்ட முடியாது. 70 மி.மீ. கருவியில் மூன்று, நான்கு கி.மீ. அகலப் பள்ளமே எல்லை. ஆனால் தென்முனைப் பக்கம் நெருக்கமாகக் குவிந்த பள்ளக்காட்டைக் காட்டி, விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருக்க, 2023 ஆகஸ்ட் 23 அன்று அந்தப் பக்கத்தில்தான் இறங்கினோம் என்று சொல்லுங்கள், அம்மா.

பாகூர் வாசகர்: மழை மேகம் மறைத்தால்?

1769-இல் வெள்ளிக் கோள் சூரியனின் முகத்தைக் கடப்பதைக் காண இதே புதுச்சேரியில் காத்திருந்தார் லெ ஜென்டில் என்ற பிரெஞ்சு வானியலாளர். அந்த நேரம் பார்த்து மேகம் மூடிவிட்டது. அடுத்த வாய்ப்பு நூறாண்டுக்குப் பிறகு. நமக்கு அடுத்த வளர்பிறை நவமி ஒரே மாதத்தில் வந்துவிடும்.