குச்சியைப் பிடிப்பது யார்?

வணக்கம். என் தங்கைக்கு 19 வயது. சின்ன வயதில் தேயிலைத் தோட்டத்து லய வீட்டுப் படியில் விழுந்து நாடியில், அதாவது முகவாயில், அடிபட்டாள். கொஞ்சம் கொஞ்சமாகத் தாடை பூட்டிக்கொண்டது. இப்போது வாயில் ஒரு விரல்கூட நுழையாது. பேராதனை பல் வைத்தியசாலையில் ஒப்பரேஷன் செய்யலாம் என்கிறார்கள். அம்மாவோ, "இத்தனை வருசம் சமாளிச்சிட்டா, முகத்தில கத்தி வச்சா யாரு கட்டுவாங்க?" என்கிறார். நான் கொழும்பில் கடையில் வேலை செய்கிறேன். ஒப்பரேஷனுக்குப் பிறகு அவள் வாழ்க்கை மாறுமா?
ஒரு வாசகர், ஹட்டன்

அன்புள்ள தம்பி,

மாறும். காதுக்கு முன்னால் வெட்டுவார்கள், தழும்பு பெரும்பாலும் முடியில் மறைந்துவிடும். முகத்தை அசைக்கும் நரம்பு அந்தப் பக்கமாகத்தான் போகிறது, அதைப் பற்றி டாக்டரிடமே கேளுங்கள். கல்யாணப் பேச்சை விடுங்கள். தங்கை என்ன சொல்கிறாள் என்று கடிதத்தில் ஒரு வரி இல்லையே, அதற்குத்தான் எனக்குக் கோபம்.

என் சின்னம்மா மகளுக்கும் இதேதான். ரொட்டியைப் பிய்த்துத் தேத்தண்ணியில் ஊறவைத்து, பல் விழுந்த சந்து வழியாக விரலால் தள்ளுவாள். எல்லாரும் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போன பிறகுதான் சாப்பிட உட்காருவாள். நாடி வளராததால் நாக்கு பின்னுக்குப் போய் ராத்திரியில் மூச்சை அடைக்கும். வீட்டில் அதைக் குறட்டை என்று சிரித்தார்கள்.

ஒப்பரேஷன் நன்றாகத்தான் நடந்தது. ஆனால் சில மாதத்தில் வாய் திரும்பவும் மூடிக்கொண்டது. ஏன் தெரியுமா? அடிபட்ட மூட்டில் கசிந்த ரத்தம் எலும்பாகி, தாடையை மண்டையோட்டோடு ஒட்டிவிடுகிறது. டாக்டர் அந்த எலும்பை வெட்டியெடுத்து இடைவெளி விடுகிறார். வாயை அசைக்காமல் வைத்திருந்தால் அங்கே மறுபடி எலும்பு வளரும். அதனால்தான் சில நாளிலேயே பயிற்சியைத் தொடங்கச் சொல்கிறார்கள். மரக்குச்சிகளை அடுக்கிக் கடைவாய்ப் பற்களுக்கு இடையில் வைத்து, பொறுக்கப் பொறுக்க ஒவ்வொன்றாகக் கூட்ட வேண்டும். ஒரு நாளைக்குப் பல தடவை, மாதக்கணக்கில். வலிக்கும், கண்ணீர் வரும். சின்னம்மா "பாவம், விடு" என்று குச்சியை எடுத்து வைத்துவிட்டார். அந்தப் பாவம்தான் அவளை இரண்டாவது தடவையும் கத்திக்குக் கீழே படுக்க வைத்தது.

அடுத்த முறை சித்தப்பா விடவில்லை. அவள் அழுதாலும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், வேலைக்குப் போகாமல் அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், போனதுகூட உண்டு. இப்போது அவள் வாயில் இரண்டு விரல் தாராளமாக நுழையும். நல்ல வாயில் மூன்று விரல் நுழையும் என்பார்கள். இரண்டே போதும், பல் துலக்குகிறாள், எல்லாரோடும் உட்கார்ந்து சோறு சாப்பிடுகிறாள்.

அம்மா கொழுந்துக்குப் போயிருக்கும் நேரத்தில் உங்கள் வீட்டில் குச்சியைப் பிடிப்பது யார் தம்பி? மாதாமாதம் காசு அனுப்பினால் மட்டும் போதாது. கடை முதலாளியிடம் இப்போதே லீவு பேசுங்கள். அப்புறம் ஒப்பரேஷனுக்குத் திகதி வாங்கலாம்.