கினிகத்தேனை வளைவு வந்தாலே மகனுக்கு வாந்தி

வத்தளையிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "தீபாவளிக்கு ஹட்டனுக்கு, அம்மாயி வீட்டுக்கு வேனில் போகிறோம். ஆறு வயது மகன் கினிகத்தேனை வளைவுகளில் தவறாமல் வாந்தி எடுக்கிறான். அதற்குப் பயந்து வெறும் வயிற்றோடுதான் ஏற்றுகிறோம், போனையும் கையில் கொடுத்துவிடுகிறோம், அப்படியும் நிற்கவில்லை. குளிசை கொடுக்கலாமா? பத்து மாதப் பாப்பாவும் கூட வருகிறாள்."

குளிசைக்கு அப்புறம் வருகிறேன், முதலில் அந்த போனை வாங்கி வையுங்கள். வேன் வளைந்து வளைந்து ஏறுவதை உட்காது உணர்கிறது, போனில் பதிந்த கண்ணோ எதுவும் அசையவில்லை என்கிறது, இரண்டும் ஒத்துப்போகாமல்தான் வயிறு புரட்டுகிறது. 2 வயதிலிருந்து 12 வயது வரை இது கூடுதலாக இருக்கும். அவன் வேண்டுமென்று செய்யவில்லை, தயவுசெய்து ஏசாதீர்கள். பாப்பாவுக்கு இந்த வயதில் பெரும்பாலும் வராது.

நம் வீடுகளில் பிள்ளைகளைத்தான் வேனின் கடைசி சீட்டில் போடுவோம், ஆட்டம் அதிகமாக இருப்பதும் அங்கேதான். சாரதிக்குப் பின் வரிசையில், முன் கண்ணாடி வழியாகப் பாதை தெரிகிற இடத்தில் பெல்ட் போட்டு உட்கார வையுங்கள், தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள், ஜன்னலைக் கொஞ்சம் திறந்து விடுங்கள். சாரதியிடமும் வளைவில் மெதுவாக எடுக்கும்படி கூச்சப்படாமல் சொல்லுங்கள். பாப்பாவை மடியில் வைத்து முன் சீட்டில் மட்டும் உட்காரவே வேண்டாம், சடன் பிரேக் போட்டால் எந்தக் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது. பின்பக்கம் பார்த்த குழந்தை இருக்கையை இரவல் வாங்கியாவது பின் சீட்டில் பூட்டுங்கள்.

வெறும் வயிறும் புரட்டும், நிறைந்த வயிறும் புரட்டும். புறப்பட ஒரு மணித்தியாலம் முன்பு இரண்டு இட்லியோ, பாணும் வாழைப்பழமுமோ போதும். ரோல்ஸ், வடை, பெரிய கப் பால் எல்லாம் அம்மாயி வீட்டுக்குப் போன பிறகு.

சரி, குளிசை. டைமென்ஹைட்ரினேட் போன்ற மருந்து உதவும், ஆனால் புரட்டத் தொடங்குவதற்கு அரை மணி முதல் ஒரு மணித்தியாலம் முன்பே கொடுக்க வேண்டும், வாந்தி வந்த பிறகு கொடுத்தால் அதுவும் வெளியே வந்துவிடும். உங்கள் பாதையில் கித்துல்கல தாண்டித்தான் ஏற்றம் கடுமையாகிறது என்பதால் அவிசாவளையில் கொடுத்தால் நேரம் சரியாக இருக்கும். அளவை உங்கள் டொக்டர் எடை பார்த்துச் சொல்லட்டும், தூக்கம் வரும் என்பதும் தெரிந்திருக்கட்டும். பாப்பாவுக்கு, ஏன் 2 வயதுக்குக் குறைந்த எந்தக் குழந்தைக்கும், இதைக் கொடுக்காதீர்கள்.

கித்துல்கலவில் கட்டாயம் ஒரு பத்து நிமிடம் இறக்கி நடக்க விடுங்கள். ஆனால் ஆற்றில் இறங்க விடாதீர்கள், ஐப்பசி மழையில் தண்ணீர் சொல்லாமல் ஏறும்.

அப்படியும் வாந்தி எடுத்தால் உடனே தண்ணீரைக் குடிக்கக் கொடுக்காமல் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாக ஜீவனி (உடலில் நீர் வற்றாமல் காக்கும் உப்பு, சர்க்கரைக் கரைசல்) கொடுங்கள். இதில் பலர் தவறு செய்கிறார்கள்: ஒரு பக்கெட்டை முழுதாக ஒரு லீட்டர் கொதித்தாறிய நீரில்தான் கரைக்க வேண்டும், பாதிப் பக்கெட்டை ஒரு கிளாஸ் நீரில் கலக்கினால் உப்பு கூடி அது கெடுதலாகும். 24 மணித்தியாலத்துக்குப் பிறகு மிச்சத்தை ஊற்றிவிடுங்கள்.

ஹட்டன் கொழும்பைவிட ஏழெட்டு பாகை குளிராக இருக்கும். ஸ்வெட்டர், மாற்றுடுப்பு, சொப்பிங் பேக் எல்லாம் டிக்கியில் அல்ல, கைக்கு எட்டும் பையில் இருக்கட்டும். மலையிலிருந்து வேன் இறங்கும்போது பாப்பா காது அடைத்து அழுதால் பால் கொடுங்கள், விழுங்க விழுங்கத் திறந்துவிடும்.

ஊர் போய்ச் சேர்ந்து சில மணித்தியாலங்களாகியும் வாந்தி நிற்காவிட்டால், பச்சை நிறமாகவோ இரத்தத்தோடோ வந்தால், காய்ச்சலோ கடும் தலைவலியோ இருந்தால், பிள்ளை துவண்டு கிடந்தால் அது பயண வாந்தி இல்லை. விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், 1990க்கு அழையுங்கள், சுவசரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.