பழைய டீசல் காருக்கு 64,000 ரூபாயில் இன்ஜெக்டர் மாற்றலாமா?

கேள்வி: வணக்கம் சார். பாளையங்கோட்டையில் இருக்கிறேன், தூத்துக்குடியில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை. 2014 மாடல் ஸ்விஃப்ட் டிசையர் டீசல் கார் வைத்திருக்கிறேன். 1,62,000 கி.மீ. ஓடியிருக்கிறது. இப்போதும் மாதம் 1,500 கி.மீ. ஓட்டுகிறேன். சில மாதங்களாகக் காலையில் ஸ்டார்ட் ஆக நேரம் பிடிக்கிறது. ஐடிலிங்கில் வண்டி உதறுகிறது. மேட்டில் மிதித்தால் கரும்புகை வருகிறது. லிட்டருக்கு 20 கி.மீ. கொடுத்த வண்டி இப்போது 16 தான் கொடுக்கிறது. சர்வீஸ் சென்டரில் நாலு இன்ஜெக்டரையும் புதிதாக மாற்ற 64,000 ரூபாய் எஸ்டிமேட் போட்டார்கள். டீசல் பம்ப் ஒர்க்‌ஷாப்பில் கழற்றி ரீகண்டிஷன் செய்ய 28,000 கேட்கிறார்கள். எங்கள் மெக்கானிக் 2,500 ரூபாய்க்குக் கிளீன் பண்ணிப் பார்க்கலாம் என்கிறார். மைத்துனரோ, "10 வருஷம் தாண்டின டீசல் வண்டியை கவர்ன்மென்ட் ஓட்ட விடாது, கொடுத்துட்டுப் புதுசு வாங்கு" என்கிறார். இருக்கிற நிலையில் 1,60,000 ரூபாய்க்கு எடுத்துக்கொள்ள ஒரு வியாபாரி தயார். ஆர்.சி. 2029 வரை இருக்கிறது. எங்கள் இருவர் சம்பளம் சேர்த்து 68,000; வீட்டுக் கடன் தவணை 17,000. அவசரத்துக்கென்று 90,000 ரூபாய் வங்கியில் இருக்கிறது. மகன் இரண்டு வருஷத்தில் கல்லூரி போவான். பெர்சனல் லோன் 14 சதவீதத்தில் தருகிறேன் என்கிறது வங்கி. இன்ஷூரன்ஸில் இதை கிளெய்ம் பண்ண வழி உண்டா? எதைச் செய்வது?

பதில்: முதலில் மைத்துனர் கிளப்பிவிட்ட பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். 10 வருஷ டீசல் வண்டிக்கான தடை, தில்லி தலைநகர் பகுதிக்காகத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் போட்ட உத்தரவிலிருந்து வந்தது. தமிழ்நாட்டில் அது கிடையாது. இங்கே சொந்தக் காருக்கு 15 வருஷம் ஆர்.சி. செல்லும். அப்புறம் வண்டியைக் காட்டி, தகுதியானது என்று தேறினால் ஐந்து வருஷத்துக்குப் புதுப்பிக்கலாம். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. பசுமை வரி தனி. ஆக, உங்கள் கையில் சட்டப்படி மூன்று வருஷம் முழுசாக இருக்கிறது. இந்த மூன்று வருஷத்தை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

இன்ஷூரன்ஸ் விஷயமும் ஒரு வரிதான். தேய்மானத்தால் வரும் பழுதை மோட்டார் பாலிசி ஏற்காது. இன்ஜின் பாதுகாப்பு என்று கூடுதல் பிரீமியம் கட்டி எடுப்பதுகூட, தண்ணீர் புகுந்தது போன்ற சேதத்துக்குத்தான். ஓடித் தேய்ந்த பாகத்துக்கு இல்லை.

சரி, டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டருக்கு வருவோம். உங்களுக்கு வந்த மூன்று எஸ்டிமேட்டையும் ஒரே வேலைக்கான மூன்று விலையாகப் பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அவை மூன்றும் வேறு வேறு பழுதுக்கான வேலைகள். எந்தப் பழுது என்று தெரியாமல் மலிவானதைத் தேர்ந்தெடுத்தாலும் நஷ்டம், விலை கூடியதைத் தேர்ந்தெடுத்தாலும் நஷ்டம். உங்கள் கடிதத்தில் எஸ்டிமேட் மூன்று இருக்கிறது, டெஸ்ட் ரிப்போர்ட் ஒன்றுகூட இல்லை. எனக்கு உறுத்துவது அதுதான்.

உங்கள் வண்டியில் இருப்பது ஃபியட் வடிவமைத்த 1,248 சிசி டீசல் இன்ஜின். ஸ்விஃப்ட், ரிட்ஸ், எர்டிகா, இண்டிகா விஸ்டா, லீனியா, புன்டோ என்று எத்தனையோ கார்களில் இதே இன்ஜின்தான் ஓடியது. பணக் கணக்கில் இது உங்களுக்குச் சாதகம்: பாகம் கிடைக்கும், வேலை தெரிந்தவரும் கிடைப்பார். இது காமன் ரெயில் இன்ஜின், அதாவது நாலு இன்ஜெக்டருக்கும் டீசல் ரெயில் என்கிற ஒரே பொதுக் குழாயிலிருந்து போகும். டயரில் இருக்கும் காற்றழுத்தம் இரண்டு பார் சொச்சம். இந்த ரெயிலில் டீசலின் அழுத்தம், இன்ஜினுக்குச் சுமை ஏறும்போது ஆயிரம் பாருக்கு மேல் போகும். அந்த அழுத்தத்தை மைக்ரான் கணக்கில் இழைத்த ஒரு வால்வும், நாசில் என்கிற பீய்ச்சும் முனையின் ஊசியும்தான் அடக்கி வைத்திருக்கின்றன. அங்கே இரண்டு விதமாகக் கோளாறு வரும். ஒன்று, நாசிலின் நுண்ணிய துளைகளில் கார்பன் படிவது. இன்னொன்று, வால்வு உட்காரும் இடமோ ஊசியோ தேய்வது. படிந்ததைக் கிளீன் பண்ணலாம். தேய்ந்ததை எந்தக் கெமிக்கலும் வளர்த்துக் கொடுக்காது. 1,62,000 கி.மீ. ஓடின வண்டியில், அதுவும் ஸ்டார்ட் ஆக நேரம் பிடிக்கும்போது, தேய்மானத்துக்குத்தான் வாய்ப்பு அதிகம். வால்வு தேய்ந்தால் டீசல் சிலிண்டருக்குள் போகாமல் ரிட்டர்ன் குழாய் வழியே டேங்குக்கே திரும்பிவிடும். ரெயிலில் அழுத்தம் ஏறாது. அழுத்தம் ஏறாமல் இன்ஜின் பிடிக்காது. அதனால் 2,500 ரூபாய் யோசனை மலிவானது என்பதற்காகவே முதலில் செய்து பார்க்க வேண்டியது என்று நினைக்காதீர்கள்.

நீங்கள் எழுதிய அறிகுறிகள் இன்ஜெக்டரால் மட்டும்தான் வரும் என்றும் இல்லை. கரும்புகை, புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பிவிடும் இஜிஆர் வால்வு அடைத்துக்கொண்டாலும் வரும், டர்போ குழாயில் விரிசல் இருந்தாலும் வரும். டீசல் ஃபில்டர் அடைத்தால் ஸ்டார்ட்டிங் கெடும். குளிரில் ஸ்டார்ட் ஆக உள்ளே சூடாக்கித் தரும் க்ளோ பிளக் மேல் சந்தேகம் வரலாம், ஆனால் திருநெல்வேலி வெயிலில் அதைக் குறைசொல்ல நான் அவசரப்பட மாட்டேன். கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படும் அளவு, குறைந்திருந்தாலும் உங்கள் கடிதத்தில் உள்ள அத்தனையும் வரும். அந்தப் பழுது இருந்தால் கதையே வேறு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஆகவே முதல் செலவு பரிசோதனைக்கு. ஃபில்டர்கள் எப்போது மாற்றினீர்கள் என்று பாருங்கள். பழையதென்றால் மாற்றிவிட்டுத் தொடங்குங்கள். ஸ்கேனர் போட்டு, ரெயில் அழுத்தம் கேட்ட அளவுக்கு ஏறுகிறதா, எந்தச் சிலிண்டருக்கு இன்ஜின் கம்ப்யூட்டர் கூடுதலாகத் திருத்தம் கொடுக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். அடுத்து ரிட்டர்ன் டெஸ்ட். நாலு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் வாயிலும் ஒரு குழாய் மாட்டி, நாலு பாட்டிலில் விட்டு, சில நிமிடம் இன்ஜினை ஓடவிட்டால் போதும். எது கசிகிறது என்று உங்கள் கண்ணுக்கே தெரியும். கூடவே நின்று பாருங்கள். கடைசியாகக் கம்ப்ரெஷன் டெஸ்ட். இதைத் தவிர்த்துவிட்டு யாரும் இன்ஜெக்டரில் பெரிய பணம் போடக் கூடாது. இத்தனைக்கும் சேர்த்து நீங்கள் கொடுக்கப்போவது புது இன்ஜெக்டர் ஒன்றின் விலையில் சிறு பங்குதான்.

இனி பணம். மாதம் 1,500 கி.மீ., லிட்டர் 93 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 20 கி.மீ. மைலேஜுக்கு 75 லிட்டர் போதும். 16-க்கு ஏறக்குறைய 94 லிட்டர். வித்தியாசம் மாதம் சுமார் 1,750 ரூபாய், வருஷத்துக்கு 21,000. நீங்கள் இதை ஏற்கெனவே பங்க்கில் தவணை தவணையாகக் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். இழந்த மைலேஜ் முழுக்கத் திரும்பினால், 28,000 ரூபாய் செலவு 16 மாதத்தில் தேறிவிடும். 64,000 தேற மூன்று வருஷம் ஆகும், அதாவது ஆர்.சி. முடிகிற வரைக்கும். ஆனால் முழுக்கத் திரும்பும் என்று நான் எழுதித் தர மாட்டேன். 12 வருஷ வண்டியில் மைலேஜ் குறைய வேறு காரணங்களும் இருக்கும். பாதிதான் திரும்புகிறது என்று வைத்தால், 28,000 தேற 32 மாதம் பிடிக்கும், அப்போதும் ஆர்.சி. காலத்துக்குள் வந்துவிடுகிறது. புது இன்ஜெக்டர் கணக்கு அப்போது தேறாது.

புதுக் கார் கணக்கையும் பார்த்துவிடுங்கள். ஆன்ரோடு 8,50,000 ரூபாய்க்கு ஒரு கார் எடுக்கிறீர்கள், பழையதைக் கொடுத்து 1,60,000, கையிருப்பு 90,000, மீதி 6,00,000 கடன். 9.5 சதவீதம், ஏழு வருஷம் என்றால் மாதத் தவணை சுமார் 9,800. வட்டி மட்டும் 2,24,000 ரூபாய் போகும். வீட்டுக் கடனோடு சேர்த்தால் மாதம் 26,800 தவணைக்கே போய்விடும், அவசரக் கையிருப்பு பூஜ்யம், மகன் கல்லூரி சேரும்போது இன்னும் ஐந்து வருஷத் தவணை பாக்கி இருக்கும். உங்கள் வீட்டு நிலையில் இதை நான் கண்டிப்பாக வேண்டாம் என்பேன். மைத்துனர் நல்லெண்ணத்தில் சொல்லியிருக்கலாம், ஆனால் தவணை கட்டப்போவது நீங்கள்.

"1,60,000 ரூபாய் வண்டிக்கு 28,000 செலவா" என்று பலரும் சொல்வார்கள். வண்டியின் விற்பனை விலையோடு ரிப்பேர் செலவை ஒப்பிடுவதே தவறு. நீங்கள் வாங்குவது அடுத்த மூன்று வருஷத்து 54,000 கி.மீ. ஓட்டத்தை. கிலோமீட்டருக்கு 52 பைசா ஆகிறது. வேறு எந்த வழியிலும் இந்த விலைக்கு உங்களால் தூத்துக்குடி போய்வர ஒரு வண்டி வாங்க முடியாது. விற்பதற்காக மட்டும் ரிப்பேர் செய்வதென்றால் அது வேறு. வாங்குபவர் உங்கள் பில்லைப் பார்த்து விலையை ஏற்ற மாட்டார்.

ஆகவே கம்ப்ரெஷன் சரியாக இருந்தால், என் முடிவு ரீகண்டிஷன். அதிலும், நாலையும் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் ஏற்றிப் பார்த்துவிட்டு, தேறாததை மட்டும் செய்யச் சொல்லுங்கள். இரண்டுதான் கெட்டிருக்கிறது என்றால் இரண்டுக்குக் கொடுங்கள். இந்த இன்ஜினில் இன்ஜெக்டர்கள் மேலேயே இருப்பதால், மற்ற இரண்டும் பிறகு கெட்டாலும் கழற்றி மாட்டும் கூலி பெரிதாக வராது. ஒன்றின் உடலே கெட்டு ரீகண்டிஷனுக்குத் தேறாவிட்டால் அந்த ஒன்றைப் புதிதாகப் போடலாம்.

ரீகண்டிஷன் என்ற ஒரே பெயரில் இரண்டு வேலை நடக்கிறது. நாசிலும் வால்வு செட்டும் ஒரிஜினலாக மாற்றி, டீசல் சரியான அளவில் பீய்ச்சுகிறதா என்று பெஞ்சில் கேலிபரேஷன் பார்த்துத் தருவது ஒன்று. துடைத்து, ஓரிங் மாற்றி, விலை குறைந்த போலி நாசிலைப் போட்டுத் தருவது இன்னொன்று. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அதனால் என்ன பாகம் போட்டார்கள் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த டெஸ்ட் பெஞ்ச் ரிப்போர்ட்டையும், கழற்றிய பழைய பாகங்களையும் கேளுங்கள். ஆறு மாத வாரண்டியாவது எழுத்தில் வேண்டும். இதைத் தர முடியாது என்கிற இடத்தில் 28,000 இல்லை, 18,000 என்றாலும் கொடுக்காதீர்கள். மாட்டும்போது கீழே உள்ள செம்பு வாஷர் நாலும் புதிதாக இருக்க வேண்டும். பழையதைப் போட்டால் புகை கசிந்து இன்ஜெக்டரைச் சுற்றிக் கரி இறுகும், அடுத்த முறை கழற்றவே வராது. புதிய இன்ஜெக்டர் எதைப் போட்டாலும் அதன் மேல் பொறித்த குறியீட்டை ஸ்கேனர் மூலம் இன்ஜின் கம்ப்யூட்டரில் ஏற்றியாக வேண்டும். அது எஸ்டிமேட்டில் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். உங்கள் வண்டியில் இன்ஜெக்டரைச் சுற்றி இப்போதே கரி இறுகியிருக்கலாம். கழற்றும்போது இன்ஜெக்டர் உடைந்தால் யார் பொறுப்பு என்பதையும் வண்டியை விடுவதற்கு முன்பே பேசி முடியுங்கள். இந்த ஒரு விஷயத்தில்தான் 28,000 எஸ்டிமேட் 40,000 பில்லாக மாறும்.

பணத்தை எங்கிருந்து எடுப்பது? கையிருப்பு 90,000-இலிருந்தே எடுங்கள். வேலைக்குப் போகிற வண்டி நிற்கப்போவது அவசரம்தான். பெர்சனல் லோன் வேண்டாம். 64,000 ரூபாயை மூன்று வருஷத்துக்கு 14 சதவீதத்தில் வாங்கினால் மாதம் 2,190 கட்டி, வட்டியாக மட்டும் 14,700-க்கு மேல் கொடுப்பீர்கள். பரிசீலனைக் கட்டணம் வேறு. அதற்குப் பதிலாக வேலை முடிந்த மாதமே 2,500 ரூபாய்க்கு ஒரு ஆர்.டி. தொடங்குங்கள். டீசலில் மிச்சமாவதும் அதில் போகட்டும். ஒரு வருஷத்தில் கையிருப்பு பழைய இடத்துக்கு வந்துவிடும். அதற்குப் பிறகும் ஆர்.டி.யை நிறுத்தாமல் வண்டிக்கென்றே வைத்திருங்கள். கிளட்சும் டயரும் வரிசையில் நிற்கின்றன, 2029-இல் ஆர்.சி. புதுப்பிக்க வண்டியை நல்ல நிலைக்குக் கொண்டுவருகிற செலவும் வரும்.

தள்ளிப்போடுவதை மட்டும் செய்ய வேண்டாம். இன்ஜெக்டர் சொட்ட ஆரம்பித்தால் டீசல் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி இன்ஜின் ஆயிலில் கலக்கும். பிஸ்டன் உருகின கேஸ்களும் உண்டு. இன்றே டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். ஆயில் அளவு ஏறியிருந்தாலோ டீசல் வாடை அடித்தாலோ, வண்டியை எடுக்காமல் ஒர்க்‌ஷாப்புக்கு ஆள் சொல்லுங்கள்.

கம்ப்ரெஷன் டெஸ்டில் ஏதாவது சிலிண்டர் குறைவாகக் காட்டினால் இன்ஜெக்டருக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள். இன்ஜின் வேலையும் சேர்ந்தால் உங்கள் மூன்று வருஷக் கணக்கு உடைந்துவிடும். அப்போது ரிப்போர்ட்டைக் காட்டி, உள்ளதைச் சொல்லி, இன்னும் இரண்டு வியாபாரிகளிடமும் விலை கேட்டு விற்றுவிடுங்கள். கிடைக்கும் பணத்தோடு கையிருப்பில் 40,000 வரை சேர்த்து, அதற்குள் வருகிற பழைய பெட்ரோல் காரைப் பாருங்கள். மாதம் 1,500 கி.மீ. ஓட்டத்துக்குப் பெட்ரோல் செலவு டீசலைவிடக் கூடத்தான் செய்யும், ஆனால் 6,00,000 ரூபாய் கடனின் தவணையை விட அது மிகக் குறைவு.