ஓரம் ஏன் கோணுகிறது? குரோஷே (கொக்கி ஊசிப் பின்னல்) கேள்வி பதில்

கே: டபுள் குரோஷேயில் ஷால் போடுகிறேன். 20 வரிசை போவதற்குள் அகலம் நாலு விரல் குறைந்துவிடுகிறது. பிரித்துப் போட்டாலும் அதே கதிதான். என் கை இறுக்கமா?
- வாசகி, திண்டுக்கல்

ப: முதல் வரிசையில் எத்தனை கண்ணி, கடைசி வரிசையில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் போகப் போகக் கை இறுகியிருக்கிறது. குறைந்திருந்தால் ஓரத்தில் கண்ணியை விட்டுவிட்டீர்கள். பெரும்பாலும் இரண்டாவதுதான்.

டபுள் (நூலை ஊசியில் ஒரு தடவை சுற்றிக்கொண்டு போடும் உயரமான கண்ணி) வரிசையின் தொடக்கத்தில் போடும் 3 செயினும் (சங்கிலிக் கண்ணி) சேர்ந்து ஒரு டபுளாகக் கணக்கு. அதனால் திருப்பியதும் அதன் அடியில் இருக்கும் கண்ணியைத் தாண்டி, அடுத்ததில்தான் ஊசியை விட வேண்டும். தாண்டாமல் அதே கண்ணியில் போட்டால் ஒன்று கூடிவிடும். வரிசை முடிவில், போன வரிசையின் அந்த 3 செயினின் உச்சியில் கடைசி டபுளைப் போட வேண்டும். அது மெல்லிசாக, பக்கவாட்டில் சாய்ந்து நிற்பதால் கண்ணில் படாது. விட்டால் வரிசைக்கு ஒன்று குறையும். சிலர் இரண்டு தவறையும் சேர்த்தே செய்வார்கள். அப்போது எண்ணிக்கை சரியாகவே வரும். ஓரம் மட்டும் மேடும் பள்ளமுமாக இருக்கும். “எண்ணித்தான் போட்டேன், ஆனாலும் கோணல்” என்பவர்கள் இதைப் பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு முறையும் மூன்றாவது செயினில் ஒரு சின்ன ஊக்கை மாட்டிவிடுங்கள். திரும்பி வரும்போது ஊக்கு இருக்கும் இடம்தான் கடைசிக் கண்ணி. பத்து வரிசையில் கண் பழகிவிடும். 30 டபுள் வேண்டுமானால் 32 செயின் போட்டு, ஊசியிலிருந்து நான்காவது செயினில் தொடங்குங்கள். சிங்கிளுக்கு (டபுளைவிடக் குட்டையான கண்ணி) கணக்கு வேறு: 30-க்கு 31 செயின் போட்டு, இரண்டாவதில் தொடங்க வேண்டும். அங்கே திருப்பும்போது போடும் 1 செயினைப் பொதுவாகக் கண்ணியாக எண்ணுவதில்லை; முதல் கண்ணியிலேயே போட வேண்டும்.

அடிச் செயின் மட்டும் இறுகிப்போய், கீழ்ப்பக்கம் வளைந்து நிற்பது தனித் தொல்லை. அந்தச் செயினை மட்டும் அரை மில்லிமீட்டர் பெரிய ஊசியில் போட்டுவிட்டு, முதல் வரிசைக்கு வழக்கமான ஊசிக்கு மாறுங்கள்.

கே: டீப்பாய்க்கு வட்ட விரிப்பு போட்டால் ஒரு தடவை கிண்ணமாகக் குவிகிறது, ஒரு தடவை ஓரம் அப்பளம் மாதிரி நெளிகிறது. தட்டையாக வராதா?
- வாசகி, கும்பகோணம்

ப: வரும். டபுளில் 12 கண்ணியோடு தொடங்கி, சுற்றுக்கு 12 கூட்டுங்கள்: 12, 24, 36, 48. சிங்கிள் என்றால் 6-ல் தொடங்கி ஆறு ஆறாக. கூட்டுவது குறைந்தால் குவியும், அதிகமானால் நெளியும்.

ஆனால் 12 என்பது சராசரிக் கைக்கு. நீங்கள் டபுளை உயரமாக இழுத்துப் போடுகிறவர் என்றால் வட்டம் வேகமாக விரியும், சுற்றளவுக்கு 12 போதாது. 13 கூட்டிப் பாருங்கள். குட்டையாகப் போடுகிறவருக்கு 11-லேயே தட்டையாக அமையும். குவியத் தொடங்கியது தெரிந்தால் உடனே நிறுத்துங்கள், அடுத்த சுற்றில் தானாகச் சரியாகாது.

லேசான நெளிவுக்குப் பிரிக்கவே வேண்டாம். பருத்தி நூலானால் ஒரு மேசைக்கரண்டி ஜவ்வரிசியை இரண்டு டம்ளர் தண்ணீரில் கரையக் காய்ச்சி, வடிகட்டி, ஆறியதும் விரிப்பை நனைத்துப் பிழியுங்கள். தெர்மாகோல் மேல் பிளாஸ்டிக் தாள் விரித்து, அதில் வைத்து இழுத்து, ஓரமெல்லாம் குண்டூசி குத்திக் காயவிடுங்கள். துருப்பிடிக்காத ஊசியாக இருக்கட்டும். துருக்கறை வெள்ளை நூலிலிருந்து எளிதில் போகாது. அக்ரிலிக் உல்லனுக்கு இந்தக் கஞ்சி வைத்தியம் வேண்டாம். இஸ்திரிப் பெட்டியையும் அதன்மேல் நேராக வைக்காதீர்கள். இழை இளகி, பொலிவிழந்து தொங்கிவிடும்.

கே: பழைய புத்தகத்தைப் பார்த்துப் போட்ட பால் சொம்பு மூடி, படத்தில் இருப்பதைவிட இரண்டு மடங்கு உயரமாக வந்தது. நூல், ஊசி எல்லாம் அதில் சொன்னதுதான்.
- வாசகி, யாழ்ப்பாணம்

ப: புத்தகம் பிரிட்டிஷ் முறையில் எழுதியது, நீங்கள் யூடியூபில் கற்றது அமெரிக்க முறை. அமெரிக்கர்களின் சிங்கிள்தான் பிரிட்டிஷ்காரர்களின் டபுள். அமெரிக்க டபுள் பிரிட்டிஷில் டிரெபிள். அமெரிக்க டிரெபிள் பிரிட்டிஷில் டபுள் டிரெபிள். ஒரே பெயருக்கு அமெரிக்க முறையில் ஒரு படி உயரம் கூடுதல்.

எந்த முறை என்று எழுதாத புத்தகத்திலும் கண்டுபிடிக்கலாம். சிங்கிள் குரோஷே என்று ஓரிடத்தில் வந்தால் பெரும்பாலும் அமெரிக்க முறை. இன்றைய பிரிட்டிஷ் முறையில் அந்தப் பெயர் கிடையாது. கண்ணியைத் தாண்டச் சொல்லும் இடத்தில் ‘ஸ்கிப்’ என்றிருந்தால் அமெரிக்க முறை, ‘மிஸ்’ என்றிருந்தால் பிரிட்டிஷ். அதுவும் இல்லையா, வரிசைத் தொடக்கச் செயினைப் பாருங்கள். 3 செயின் போட்டு டிரெபிள் என்றால் பிரிட்டிஷ், 4 செயின் போட்டு டிரெபிள் என்றால் அமெரிக்க முறை. குறியீட்டு வரைபடம் கொடுத்திருந்தால் எழுத்தை விட்டுவிட்டு அதைப் பின்பற்றுங்கள். குறியீடுகளுக்கு இந்தக் குழப்பம் இல்லை.

கே: பொம்மைக்குள் பஞ்சு அடைத்தால் கண்ணிகளுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகத் தெரிகிறது.
- வாசகி, கோவை

ப: நூல் லேபிளில் சொல்லும் ஊசி ஆடைகளுக்கானது. பொம்மைக்கு ஒன்று அல்லது ஒன்றரை மில்லிமீட்டர் குறையுங்கள். 4 என்று போட்டிருந்தால் 2.5 அல்லது 3. சிங்கிள் போடும்போது நூலை ஊசிக்கு மேலாகச் சுற்றி எடுக்காமல், ஊசியால் மேலிருந்து அழுத்திப் பிடித்து இழுத்தால் கண்ணி பெருக்கல் குறி வடிவில் நெருக்கமாக விழும். குறைக்கும் இடங்களில்தான் ஓட்டை பெரிதாகும்: இரண்டு கண்ணிகளின் முன் இழைகளை மட்டும் ஊசியில் கோத்து, ஒன்றாகச் சேர்த்து முடியுங்கள். உட்பக்கத்தை வெளியே வைத்து அடைத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். ‘வி’ வரிசையாகத் தெரிவதுதான் வெளிப்பக்கம்.

கே: அரை மணி நேரம் போட்டாலே கட்டைவிரல் வலிக்கிறது.
- வாசகி, சென்னை

ப: ஊசியைப் பேனா மாதிரி பிடிக்கிறவர் கத்தி பிடிப்பதுபோல் மாற்றிப் பாருங்கள். தடித்த ரப்பர் கைப்பிடி உள்ள ஊசி உதவும். 20 நிமிடத்துக்கு ஒரு தடவை கீழே வையுங்கள். இரவில் விரல் மரத்துப்போனால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

கே: மிச்ச நூல் இன்னொரு வரிசைக்கு வருமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பாதி வரிசையில் தீர்ந்துபோனால் அழுகையே வருகிறது.
- வாசகி, திருநெல்வேலி

ப: இரண்டு வரிசை பாக்கி இருக்கும்போதே மிச்ச நூலை இரண்டாக மடித்து, நடுவில் ஒரு தளர்ந்த முடிச்சு போடுங்கள். முடிச்சு கைக்கு வருவதற்குள் வரிசை முடிந்தால், அதே மாதிரி இன்னொன்றும் வரும். முடிச்சு முன்னாலேயே வந்துவிட்டால் அந்த வரிசையோடு நிறுத்துங்கள். புது உருண்டை வாங்கப் போனால் லேபிளில் உள்ள லாட் எண்ணை (ஒரே தடவையில் சாயம் போட்ட நூலுக்கான எண்) பாருங்கள். வண்ண எண் ஒன்றானாலும் லாட் மாறினால் சாயம் ஒத்துவராது. அதே லாட் கிடைக்காவிட்டால் பழையதில் இரண்டு வரிசை, புதியதில் இரண்டு வரிசை என்று மாற்றி மாற்றிப் போட்டால் வித்தியாசம் தெரியாது. அதற்குப் பழைய நூல் கொஞ்சமாவது மீந்திருக்க வேண்டும்.