கருத்தரிக்கும் முன் அம்மாவின் உடம்பு, பிறக்கும் குழந்தையின் எடை: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, கல்யாணமாகி நாலு மாசம் ஆகிறது. உயரம் 155 செ.மீ., எடை 41 கிலோ. "மாசமானா தானா உடம்பு தேறிடும்" என்கிறார் மாமியார். சரியா?

பதில்: தேறும்தான் மா. ஆனால் முதல் மூணு மாசம் பலருக்கு வாந்தியிலேயே போய்விடும். நஞ்சுக்கொடி உருவாகி வேரூன்றுவதும் அதே சமயத்தில்தான். உங்கள் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை சரியா என்று காட்டும் எண், 17. அது 18.5-க்குக் கீழே இருக்கும்போது கருத்தரித்தால், குழந்தை 2.5 கிலோவுக்குக் குறைவாகப் பிறக்கும் வாய்ப்பு கூடுகிறது. 18.5-ஐத் தொட உங்களுக்கு இன்னும் மூன்றரைக் கிலோ போதும்.

மும்பையின் குடிசைப் பகுதிகளில் ஓர் ஆய்வு நடந்தது; முடிவு 2014-இல் வெளியானது. கீரை, பால், பழம் சேர்த்துச் செய்த தின்பண்டத்தைக் கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே பெண்களுக்குக் கொடுத்தார்கள். கருத்தரிக்கும் முன் மூணு மாசமாவது சாப்பிட்டவர்களின் குழந்தைகள் சராசரியாக 48 கிராம் கூடுதலாக இருந்தன. ஆனால் மிகவும் மெலிந்த பெண்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை. ஆகவே தினம் ஒரு தின்பண்டத்தோடு நிறுத்தாமல், முதலில் உங்கள் எடையையே கூட்டுங்கள் என்பேன். முட்டை, வேர்க்கடலை, பருப்பு, பால், சோற்றில் தாராளமாக எண்ணெய். சாப்பிட்டும் ஏறவில்லையென்றால் தைராய்டு, சர்க்கரை, காசநோய் மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: அப்போ கர்ப்பமான பிறகு சாப்பிடுவதில் பயனே இல்லையா?

பதில்: யார் சொன்னது? நெதர்லாந்தில் 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் கடைசி மூணு மாசத்தைக் கழித்த தாய்மாரின் குழந்தைகள் ஏறக்குறைய 300 கிராம் குறைவாகப் பிறந்தன. ஆரம்ப மாசங்களில் மட்டும் பட்டினி கிடந்து, பிறகு சாப்பாடு கிடைத்தவர்களின் குழந்தைகள் அப்படி எடை குறையவில்லை. ஆனால் அந்தப் பெண்கள் பஞ்சத்துக்கு முன் ஓரளவு நன்றாகச் சாப்பிட்டவர்கள். கையிருப்பே இல்லாமல் தொடங்குபவர்களுக்கு அந்தக் கணக்கை அப்படியே பொருத்த முடியாது.

கேள்வி: எனக்கு 84 கிலோ. குழந்தை கொழுகொழுன்னு பிறக்கும்னு எல்லாரும் சொல்றாங்க. சந்தோஷப்படலாமா?

பதில்: வேண்டாம். அதிக எடையோடு கருத்தரித்தால் கர்ப்பகாலச் சர்க்கரை வரும் வாய்ப்பு அதிகம். அந்தச் சர்க்கரை குழந்தைக்கும் போய், குழந்தையின் எடை 4 கிலோவைத் தாண்டலாம். பிரசவத்தில் தோள் மாட்டிக்கொள்ளலாம். இரத்த அழுத்தமும் சேர்ந்தால் கதை தலைகீழ்: நஞ்சுக்கொடிக்கு இரத்த ஓட்டம் குறைந்து குழந்தை மெலிந்துபோகும். ஏற்கெனவே சர்க்கரை இருந்தால் எச்பிஏ1சி (மூணு மாசச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) 6.5-க்குக் கீழே வந்த பிறகு முயற்சி செய்யுங்கள். மாத்திரையை நீங்களே நிறுத்தாதீர்கள். இந்தச் சிக்கல் உங்களுக்கு மட்டும் இல்லை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 100-க்கு 40 பேர் அதிக எடை. மெலிந்தவர்கள் 13 பேர்தான். நாம் இன்னும் மெலிந்தவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: ஹீமோகுளோபின் 9.2. கர்ப்பமானா எப்படியும் மாத்திரை தருவாங்களே, அதுவரை இருக்கலாமா?

பதில்: இருக்காதீர்கள். கர்ப்பத்தில் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுவதால் இந்த அளவு இன்னும் இறங்கும். இப்போதே டாக்டரிடம் காட்டி இரும்புச்சத்து மாத்திரையைத் தொடங்குங்கள். அளவு 12-ஐத் தொட்டதும் நிறுத்திவிடாமல், டாக்டர் சொல்லும்வரை தொடருங்கள். சாப்பிட்ட கையோடு டீ, காபி வேண்டாம். இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. ஃபோலிக் அமிலம் 400 மைக்ரோகிராம் தனி. அது எடைக்காக இல்லை, குழந்தையின் முதுகுத்தண்டுக்காக.

கேள்வி: முதல் குழந்தை பிறந்தபோது 2.1 கிலோ. அதுக்கு இப்போ எட்டு மாசம். அடுத்தது எப்போ?

பதில்: பிரசவத்துக்கும் அடுத்த கருத்தரிப்புக்கும் நடுவே 24 மாசமாவது விடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். பால் கொடுத்து இளைத்த உடம்பு தேற வேண்டும். அதுவரை கருத்தடைக்கு என்ன செய்வது என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

கேள்வி: நான் கணவர். சிகரெட் பிடிப்பதை மொட்டைமாடியோடு வைத்துக்கொண்டால் போதுமா?

பதில்: போதாது தம்பி. புகை சட்டையோடும் மூச்சோடும் கீழே வருகிறது. பக்கத்தில் இருப்பவர் சுவாசிக்கும் புகையும் குழந்தையின் எடையைக் குறைக்கும். மனைவி கருத்தரிப்பதற்கு முன்பே விட்டுவிடுங்கள்.