ஒரே பாட்டு இரண்டு கணினியில் ஏன் முன்னே பின்னே கேட்கிறது?

ஹாலிலும் படுக்கையறையிலும் இருக்கும் கணினிகள் ஒரே பாட்டை ஒரே நொடியில் ஒலிக்கச் செய்வதைத்தான் ஒத்திசைந்த ஆடியோ ஸ்ட்ரீமிங் என்கிறோம். இரண்டிலும் ஒரே நேரத்தில் பிளே அழுத்தினால் போதாதா? போதாது.

முதல் காரணம், நெட்வொர்க்கில் பாட்டு துண்டு துண்டாகத்தான் போகிறது. எல்லாத் துண்டும் ஒரே வேகத்தில் வந்து சேராது. இரண்டாவதுதான் பலருக்கும் தெரியாதது. ஒவ்வொரு கணினியிலும் பாட்டை ஒலியாக்கும் ஒலி அட்டை (சவுண்ட் கார்டு) தன் சொந்தக் கடிகாரத்தை நம்பித்தான் ஓடுகிறது. ஒரே நேரம் வைத்து மாட்டிய இரண்டு சுவர்க் கடிகாரங்களில் சில வாரம் கழித்து ஒன்று முந்தியிருக்குமே, அதே கதை. இரண்டு அட்டைகளுக்கும் இடையே லட்சத்தில் 5 பங்கு வித்தியாசம் இருந்தாலே ஒரு மணி நேரத்தில் 180 மில்லிநொடி விலகிவிடும். அது காதுக்கு எதிரொலியாகவே கேட்கும்.

ஸ்னாப்காஸ்ட் போன்ற மென்பொருள்கள் இதை அழகாகச் சமாளிக்கின்றன. ஒவ்வொரு துண்டிலும் நேர முத்திரை குத்தி அனுப்புகிறது சர்வர், அதாவது பாட்டை அனுப்பும் கணினி. வாங்கும் கணினி சர்வரின் நேரத்தோடு தன் நேரத்தை ஒப்பிட்டுக்கொண்டு, துண்டுகளைச் சற்று சேமித்து வைத்து, குறித்த கணத்தில் ஒலிக்கிறது. அப்புறமும் கொஞ்சம் விலகினால், காதுக்குத் தெரியாத அளவில் ஒலியின் மிக நுண்ணிய பகுதிகளான ஒலித்துளிகளைச் சேர்த்தோ நீக்கியோ சரிக்கட்டுகிறது. இந்தச் சேமிப்பு வழக்கமாக ஒரு நொடி என்பதால் பாட்டுக்கு அருமை. வீடியோ பார்க்கும்போது மட்டும் உதட்டசைவு ஒட்டாது.

வைஃபை வேகத்தைக் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். விட்டு விட்டு ஒலிப்பது வேண்டுமானால் குறையும், கடிகார விலகல் அப்படியேதான் இருக்கும்.