கேளுங்கள், பதில் உண்டு: வெரைட்டி ஹாலும் டூரிங் கொட்டகையும்

கேள்வி: கோவையில் வெரைட்டி ஹால் ரோடு என்கிறார்கள். அந்தத் தெருவில் எத்தனை முறை நடந்தும் ஹால் எதுவும் கண்ணில் படவில்லையே? (வாசகர், சூலூர்)

ஹால் என்றால் கல்யாண மண்டபம் இல்லை, சினிமா கொட்டகை. சாமிக்கண்ணு வின்சென்ட் 1914இல் கட்டியது. பிறகு டிலைட் என்று பேர் மாறி ரொம்ப காலம் ஓடியது. தெருவுக்கு மட்டும் பழைய பேரே நின்றுவிட்டது.

அவர் கதையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ரயில்வேயில் படம் வரையும் வேலை, மாதச் சம்பளம் 25 ரூபாய். 1905இல் டூபான் என்ற பிரெஞ்சுக்காரர் இலங்கைப் பக்கமிருந்து படம் காட்டிக்கொண்டே திருச்சிக்கு வந்தவர், உடம்புக்கு முடியாமல் போய், ஊர் திரும்ப புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் விற்கப் பார்த்தார். விலை 2,250 ரூபாய். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏழரை வருஷச் சம்பளம்! சனி பிடித்திருக்கிறது என்று அக்கம்பக்கத்தில் நாலு பேராவது சொல்லியிருப்பார்கள். மனுஷன் பணத்தைப் புரட்டி வாங்கி, வேலையை விட்டுவிட்டு, கூடாரத்தோடு கிளம்பிவிட்டார். ஏசுநாதர் வாழ்க்கையைச் சொல்லும் மௌனப் படத்தைக் காட்டிக்கொண்டே லாகூர், பெஷாவர் வரை போயிருக்கிறார்.

‘சினிமா முன்னோடி’ என்பதோடு அவரை நிறுத்திவிடுவது எனக்குப் பிடிக்காது. அவர் அடிப்படையில் வியாபாரி. கோவைக்கு நீலகிரியின் பைக்காராவிலிருந்து மின்சாரம் வர 1930கள் ஆயிற்று. 1914இல் படம் காட்ட வேண்டுமென்றால் கரண்டை நீங்களே தயாரிக்க வேண்டும். அந்த ஜெனரேட்டர் ராத்திரி படம் ஓட்டிவிட்டுப் பகலெல்லாம் சும்மா நின்றால் போட்ட முதல் என்னாவது? கொட்டகை கட்டிய ஐந்தாறு வருஷத்துக்குள் கரண்டில் ஓடும் அச்சகமும் அரிசி மில்லும் அவர் கைக்கு வந்துவிட்டன. சினிமாவும் நெல் அரைப்பதும் ஒரே முதலாளியின் கணக்குப் புத்தகத்தில்! அதோடு பாத்தே என்ற பிரெஞ்சு சினிமா கம்பெனியின் புரொஜெக்டர்களை விற்றும் கொடுத்தார். அதாவது தனக்குப் போட்டியாக வரப்போகிறவனுக்கும் மெஷின் விற்றது இவர்தான்.

கேள்வி: டூரிங் கொட்டகையில் ஒரே மெஷினில் எப்படிப் படம் காட்டினார்கள்? (வாசகி, உடுமலைப்பேட்டை)

நிறுத்தி நிறுத்தித்தான். ஒரு ரீல் சுமார் 1,000 அடி, கையால் சுற்றினால் 15 நிமிஷம் சொச்சம் வரும். அது முடிந்ததும் விளக்கைப் போட்டு அடுத்த ரீலை மாட்ட வேண்டும். படம் ஊமை என்பதால் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதை சொல்வார். எடி போலோ மாதிரி ஆட்கள் சண்டை போடும் அமெரிக்க சீரியல்களுக்கு இங்கே அவ்வளவு கிராக்கி. இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாதவரும் அவர் அடுத்த வாரம் எப்படித் தப்புவார் என்று பந்தயம் கட்டலாம், குத்து விழுவதற்கு மொழி வேண்டுமா என்ன?

பயம் ஒன்று உண்டு. அன்றைய பிலிம் நைட்ரேட், சட்டென்று பற்றிக்கொள்ளும். மேலே துணிக் கூடாரம், கீழே உட்கார்ந்திருக்கும் கூட்டம். 1918இல் சர்க்கார் சினிமாட்டோகிராஃப் சட்டம் கொண்டுவந்து கொட்டகைக்கு லைசென்ஸ் கட்டாயம் என்றதற்கு இந்தப் பயமும் ஒரு காரணம்.

கேள்வி: நாடகக் கம்பெனிகள் சந்தை, திருவிழா பார்த்துத்தான் ஊருக்கு வருமாமே? (வாசகர், அந்தியூர்)

உங்கள் ஊர்க்காரருக்கு இதைச் சொல்லவா வேண்டும்? ஆடியில் குருநாதசாமி கோயில் திருவிழாவும் மாட்டுச் சந்தையும் குதிரைச் சந்தையும் சேர்ந்தேதானே நடக்கின்றன. மாடு விற்றவன் மடியில் காசு இருக்கும், இருட்டில் அந்தக் காசோடு வண்டி பூட்டப் பயமாகவும் இருக்கும். விடிய விடிய வள்ளி திருமணம் நடந்தால் அவனுக்கும் நல்லது, கம்பெனிக்கும் நல்லது. அறுப்பு முடிந்த மாசங்களில் வசூல் நன்றாக இருக்கும். மழை பிடித்துக்கொண்டால் கம்பெனி பாடு திண்டாட்டம்.

1918இல் மதுரையில் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் தொடங்கிய பாலர் சபையில் நடித்ததெல்லாம் சின்னப் பையன்கள். அவர்கள் தங்கும் ஊரில் அரிசிக்கடை, பால்காரர், காஸ் லைட்டுக்காரர், நோட்டீஸ் அடிக்கும் அச்சகம் எல்லாருக்கும் வரும்படிதான், வசூல் படுத்துவிட்டால் எல்லாருக்கும் கடன் பாக்கியும்தான். நாடகப் பாட்டுப் புத்தகம் தனி வியாபாரம். அரையணா, ஓரணா கொடுத்து வாங்கிப் போனால் ஊரில் யாராவது ஒருவர் படிக்க, பத்துப் பேர் பாடுவார்கள்.

கேள்வி: அப்போது இடைவேளையில் என்ன தின்றார்கள்? (வாசகர், காங்கேயம்)

முறுக்கு, வேர்க்கடலை. குடிக்க கோலி சோடா. கழுத்தில் கோலிக்குண்டு வைத்த அந்தப் பாட்டிலுக்கு இங்கிலாந்தின் ஹைரம் காட் 1872இல் காப்புரிமை வாங்கினார். படம் நடுவில் அறுந்தால் அந்தப் பாட்டில் வேறு வேலைக்கும் பயன்பட்டது, புரொஜெக்டர்காரரைத்தான் கேட்க வேண்டும்.